நான் சொல்லி விழுந்த மோட்டார்

கிர்ரிக், கிர்ரிக், கிர்ரிக். எந்த வீட்டிலாவது செயின் பிளாக்கில் சங்கிலி இழுக்கும் சத்தம் கேட்டால் என் நாக்கு உலர்ந்துவிடுகிறது. கையில் இருப்பதை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறேன். யாரோ போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். தெரியும். தெரிந்தேதான் பொத்திக்கொள்கிறேன்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் என்றால் அந்த ஒரு போர்தான். குழாய்த் தண்ணீர் வருகிற அன்றைக்கு வரும். வந்தால் குடிக்கக் காணும். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாமே போர்ட்டிகோ ஓரத்தில் நானூறு அடிக்குக் கீழே இருந்து ஏறி வரவேண்டும். நாங்கள் மனை வாங்கியபோது சுற்றிலும் வெறும் பொட்டல். போர் லாரி தாராளமாக வந்து துளைத்துவிட்டுப் போனது. இப்போது நாலு பக்கமும் வீடுகள். குப்பை வண்டியே திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வெளியேறும் சந்து. இந்தப் போர் போனால் இன்னொரு போர் கிடையாது.

ஆடிக்காற்று கொடித் துணியைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாளொன்றில் மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள், காயில், எரிந்துபோனது. மார்க்கையன்கோட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார், கூட அவருடைய மச்சான். குட்டியானை வண்டியில் முக்காலி, சங்கிலி, கிளாம்ப். மெக்கானிக் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூப்பு என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. மச்சான் மலைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் 'சாரமில்ல' என்பார், எதற்கெடுத்தாலும்.

பாதிக் குழாய் மேலே வந்ததும் டீ கொடுத்தேன். வானம் மேற்கே கறுத்திருந்தது.

"சாரல் வரும்போல இருக்கு. வெரசா முடிங்கண்ணே" என்றேன்.

"அவ சொல்லிட்டா வந்துரும்ணே" என்றார் என் கணவர், நாற்காலியில் சாய்ந்தபடி. "கருநாக்கு. மச்சமே இருக்கு."

"நெசமாவா? காட்டுங்கக்கா பாப்பம்" என்றார் மச்சான்.

காட்டினேன். டாக்டர் முன்னால் நீட்டுகிற மாதிரி நீட்டினேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

சாரல் வரவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடி வேலை தொடங்கியது. குழாயை மேலே இழுத்து, அடுத்த இணைப்பு தெரிந்ததும் அதற்குக் கீழே கிளாம்ப் போடுவார்கள். குழாயைக் கழுத்தோடு கவ்வும் இரண்டு இரும்புப் பட்டை, இரு பக்கமும் போல்ட்டு. பிறகு சங்கிலியைத் தளர்த்தி, மேல்குழாயைக் கழற்றுவார்கள். அந்தச் சிறிது நேரம் கீழே தொங்கும் அத்தனை பாரத்தையும் அந்தப் பட்டைகள்தான் பிடித்திருக்கும். டீத் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் பார்த்தேன். ஒரு போல்ட்டு, விழப்போகிற பால்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த போல்ட்டு ஆடுது. விழுந்துறப் போகுது!"

சொல்லின் ஈரம் காயவில்லை. சர்ரென்று குழாய் உள்ளே ஓடியது. பட்டை எகிறி வந்து போர்ட்டிகோத் தரையில் ஓடு ஒன்றை இரண்டாகப் பிளந்தது. ஒயர் சாட்டையாய்ச் சுழன்று குழாயோடு உள்ளே போனது. எங்கோ ஆழத்தில், பூமி ஒரு மிடறு விழுங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

"அக்கா சொன்னாக, விழுந்துருச்சு" என்றார் மச்சான். அன்றைக்கு அவர் சாரமில்ல சொல்லாதது அந்த ஒரு தடவைதான்.

மெக்கானிக் போரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏக்கா, தொங்குற சரக்குக்கு முன்னாடி நின்னு அந்த வார்த்தயச் சொல்லலாமா?"

"ஆடுச்சுண்ணே. பாத்துத்தான் சொன்னேன்."

"நீ எதுக்கு அங்கன போயி நின்ன?" என்றார் என் கணவர்.

நான் போர் வாயை எட்டிப் பார்த்தேன். உள்ளே கிடப்பதை எடுக்காமல் புது மோட்டார் இறக்க முடியாது. எடுக்க வேண்டியது கீழே போட்டவர். ஆனால் போட்டது அவர் கை இல்லை, என் வாய் என்று ஆகிவிட்டால்? மெக்கானிக் அதற்குள் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். "இது நம்ம கையில இல்லண்ணே. நாங்க எத்தன வீட்டுல தூக்குறோம், எங்கனயும் இப்பிடி ஆனதில்ல."

கீழே தேடினேன். செம்பருத்திச் செடியடியில் கிடந்தது போல்ட்டு. மரை தேய்ந்து, சப்பிய மிட்டாயாய் வழவழவென்று இருந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"என் நாக்க மூணு பேரும் பாத்தீகள்ல? இதயும் பாருங்க."

அவர் விரலால் தடவினார். திருப்பினார். மறுபடி தடவினார். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். போல்ட்டு சட்டைப் பைக்குள் போனது.

"விழுந்தத எடுக்குற கொக்கி சின்னமனூர்ல கெடக்கு" என்றார் கடைசியில். "காலைல எடுத்துட்டு வாறேன். போட்டுப் பாப்பம். ஆனா ஒண்ணு. அக்கா பேசக்கூடாது."

அவர்கள் போனபின் மாடிக்கு ஏறித் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் இடத்தில் சத்தம் மாறியது. இறங்கி வந்து பாத்திரங்களைக் கழுவாமல் அடுக்கினேன். ஏறிப் போய் மறுபடி தட்டினேன். என் கணவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"நீங்களும் நம்புறீகளா?"

"சேச்சே. நம்பல."

தொட்டியைத் தானும் ஒரு தடவை தட்டிவிட்டு, "ஆனா நீ சொல்லாம இருந்துருக்கலாம்" என்றார்.

சொல்லாமல் இருந்திருந்தால் போல்ட்டு ஆடாமல் இருந்திருக்குமா? அதையும் சொல்லவில்லை. அப்போதே பேசாமல் இருந்து பழகத் தொடங்கிவிட்டேன்.

காலையில் வந்தார்கள். போர் வாயில் மெக்கானிக் சூடம் கொளுத்தினார். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து என்னிடம் நீட்டினார்.

"தப்பா நெனக்காதீகக்கா. இத மென்டுக்கிட்டு இருங்க."

மென்றேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி மென்றேன். கொக்கியைக் குழாய் நுனியில் மாட்டி, குழாய்க்கு மேல் குழாயாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். வாயை அடைத்துவிடலாம், நினைப்பை எந்த வெற்றிலை அடைக்கும்? மாட்டும் என்று நினைக்கப் போனால் மாட்டாது என்பதும் கூடவே வந்தது. தூக்கு என்று நினைத்தால் நழுவு என்பது அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் பேச்சுக்கு வார்த்தைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தவள், அன்றைக்கு ஒவ்வொன்றையும் விரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவர் ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். எண்ணுக்கு நல்லது கெட்டது கிடையாது.

கொக்கி உரசியது. விட்டது. மறுபடி உரசியது. விட்டது. மெக்கானிக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். வெற்றிலை என் வாயில் சாரெல்லாம் போய் நாராகிவிட்டது. துப்பப் பயம்.

அப்புறம் அந்தச் சத்தம். கிர்ரிக். சங்கிலி சுமையோடு இழுக்கும்போது சத்தம் வேறு, கனமாக வரும். கிர்ரிக். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதல் குழாய் சேறும் தண்ணீருமாக மேலே வந்தது. கிளாம்பைப் போட்டார்கள். அப்போது பார்த்தேன், கிளாம்ப் புதிது. இரண்டு போல்ட்டும் வெயிலில் மின்னின.

மெக்கானிக் இரண்டையும் நம்பியிருக்கிறார். என் நாக்கையும், தேய்ந்த மரையையும்.

மதியம் தாண்டி மோட்டார் தரையில் கிடந்தது, கறுத்து, வழுக்கிக்கொண்டு, பெரிய விரால் மீனாக. மச்சான் அதைக் காலால் லேசாக உருட்டி, "சாரமில்ல" என்றார். என் கணவர் சத்தமாகச் சிரித்தார். என்னைப் பார்த்து இன்னொரு தடவை, மெதுவாகச் சிரித்தார். நான் பின்வாசலில் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஒரே சிவப்பு. மச்சம் தெரியவில்லை.

மோட்டாரை வண்டியில் ஏற்றினார்கள். காயில் கட்டிக் கொண்டுவந்து, அவரே இறக்கித் தருவதாகப் பேச்சு. உடைந்த தரை ஓடு பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்றும் அப்படியே கிடக்கிறது. வண்டி கிளம்பி, சந்து முனைக்குப் போய் நின்றது. மெக்கானிக் இறங்கித் திரும்ப நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அக்கா, இப்பப் பேசலாம்."

"சொல்லுங்கண்ணே."

"நாளைக்கு எங்க தோட்டத்துல போர் போடுறோம். ரெண்டு எடத்துல போட்டு ரெண்டும் புழுதி. இது மூணாவது." செம்பருத்திச் செடியைப் பார்த்தபடியே சொன்னார். "உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க."

வாய் உலர்ந்தது. இது வராமல் போனால் அதுவும் என் மேல்தான். ஆனாலும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி வரும்ணே. நல்லா வரும். அந்த போல்ட்ட மட்டும் அங்கன கொண்டு போயிராதீக."

"அத நேத்தே வாய்க்கால்ல வீசிட்டேன்க்கா."