நாலு நாள், நாலு திராட்சைத் தோட்டம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் வெளிநாட்டுக்காரர்கள் செருப்போடு நுழைந்து வெளியேறிய காலம் அது. கோயிலைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் வழிகாட்டி அவர்களை எங்கள் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். தறிக்குழிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். சோறு தின்றுகொண்டிருந்தால் சோற்றைப் படம் எடுப்பார்கள். முதுகு வலிக்காதா, எந்த வயதில் இதற்கு வந்தாய், உன் பிள்ளைகளும் இதையே செய்வார்களா என்று கேட்காத கேள்வி இல்லை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாயம் ஏறிய கையை மறைத்துக்கொண்டு நிற்பேன். வழிகாட்டி என் வீட்டுக்காரரைக் காட்டி "நெசவாளி" என்பான். என்னைக் காட்டி "ஹெல்ப்பர்" என்பான்.

ஹெல்ப்பராம்! வயிறு பற்றி எரியும் எனக்கு. எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைச் சேலை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே போக வேண்டும். குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். ஒரு ஆள் குழிக்குள் உட்கார்ந்து மிதிப்பார், இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி விட வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நான். என் கை அரை நொடி பிந்தினால் பூட்டு விழாது, கரை தனியாகவும் உடல் தனியாகவும் நிற்கும். பதினான்கு வருடம் அப்படி உட்கார்ந்தவளுக்குப் பெயர் ஹெல்ப்பர்.

வந்தவர்களில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் மட்டும் வேறு மாதிரி. புதுச்சேரியில் சில வருடம் இருந்தவள், உடைந்த தமிழ் பேசுவாள். ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கூடப் பார்த்துவிட்டாள். போகும்போது, "எங்க குடும்பம் திராட்சை போடுது, வைன் செய்யுது. நான் உன் வீடு பார்த்தேன். நீ என் வீடு பாரு" என்றாள். சொல்லிவிட்டுப் போவார்கள், அதெல்லாம் யார் கணக்கில் வைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, அறுபதுகளின் கடைசிப் பகுதி அது, பிரான்சு நாட்டில் ஒரு கைத்தறிக் கண்காட்சிக்கு எங்கள் தறியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நாள் அங்கே உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும். கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால் எனக்கும் சேர்த்து டிக்கெட். கண்காட்சி முடிவதற்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னார், எங்களை அழைத்துப் போகவிருந்த அதிகாரி.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "ரூம்ல படுத்துத் தூங்கலாம். காலு ஓஞ்சி போயிருக்கும்."

"நீங்க தூங்குங்க. நான் அந்தம்மா வூட்டுக்குப் போவப் போறேன்" என்றேன். "அவங்க இங்க வந்து எத்தினி வருஷமா நம்மள வேடிக்கை பாத்துக்கினு இருக்காங்க? ஒரு தடவை நான் போய் அவங்களப் பாக்கறேன். அவங்க வேலை செய்யறப்போ பக்கத்துல நின்னு, முதுகு வலிக்குதான்னு கேக்கறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த அம்மாளுக்குக் கடிதம் போட்டோம். பதில் பிரெஞ்சில் வந்தது. அதைப் படிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஊசி நூல் கடை பாய்தான். வாலிபத்தில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்தவர், பிரெஞ்சு பேசுவார், படிப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரி படித்தார். "தோபா தோபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய்?"

"எல்லாம் மது சமாச்சாரம்மா. பாதாள அறை, பீப்பாய், ரசம் பிழியறது... என் வாயால இதெல்லாம் சொல்ல வெக்கிறியே!"

"நீங்க படிக்கத்தானே படிக்கறீங்க, குடிக்கலியே!"

"அதுவும் சரிதான்" என்று மீதியையும் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. மொத்தம் மூன்று இடம் சொல்லியிருந்தாள் அந்த அம்மாள். அவள் குடும்பத்துப் பெரிய தோட்டம் ஒன்று. புருஷனும் பெண்சாதியுமாக இரண்டே பேர் பார்த்துக்கொள்ளும் சின்னத் தோட்டம் ஒன்று. இன்னும் காலால் மிதித்து ரசம் எடுக்கும் பழைய வீடு ஒன்று. எது எதற்குப் பக்கம், எங்கே பஸ் ஏறுவது என்று கடிதத்தின் ஓரத்திலேயே கோடு கிழித்திருந்தாள். பாய் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். மது என்று வரும் இடத்தில் எல்லாம் "அது" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் கரைப் பூ வரையும் கட்டத்தாள் ஒன்றை எடுத்துத் திட்டம் போட்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம். முதல் நாள் பெரிய தோட்டம். இரண்டாம் நாள் புருஷன் பெண்சாதித் தோட்டம். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் மூன்றாம் நாள் அமாவாசை. அந்த வரிசைக் கட்டங்களை அப்படியே காலியாக விட்டேன். அமாவாசைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது, தட தட சத்தம் இல்லாமல் தெருவே செத்த மாதிரி கிடக்கும். வேலை செய்யாத நாளில் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. நாலாம் நாள் காலால் மிதிக்கிற வீடு. போகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு ஜாக்கெட் துணி என்று கீழே குறித்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதில்லையா.

என்ன கேட்பது என்றும் தனியாக ஒரு பட்டியல். எங்களை அவர்கள் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். எழுத எழுதக் கொஞ்சம் பழி வாங்குகிற சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றோம். திட்டத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? நம்ம ராஜ்யத்துல மதுவிலக்கு இருக்குது. அரசாங்கம் அனுப்புது உங்களை. நீங்க சாராயக் கடைக்குப் போறேன்னு எழுதிக் குடுக்கறீங்க?"

"கடை இல்லீங்க. காய்ச்சற எடம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். பேச்சு மோசமாகிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "காய்ச்சக்கூட மாட்டாங்களாம் சார், பிழிஞ்சி ஊற வெப்பாங்களாம்" என்று சரிசெய்யப் பார்த்தேன். அது இன்னும் மோசமானது.

"இது என்ன, மூணாம் நாள் காலி?"

"அமாவாசைங்க. அன்னிக்கு வேலை நடக்காதே."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். "அமாவாசையா! அந்த ஊர்ல அமாவாசைக்கு லீவு விடுவான்னு யாரும்மா சொன்னது? அறுவடை நேரம், ஒரு நாளும் நிறுத்த மாட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"அப்பிடீங்களா. அப்போ மூணாம் நாளுக்கும் ஒரு தோட்டம் சேத்துக்கறேன். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

சிரிப்பு நின்றது. தாளைத் தள்ளி வைத்தார். "இங்க பாரும்மா. உன் புருஷன் எங்க வேணும்னாலும் போகட்டும், ஆம்பளை. ஒரு பொம்பளை, நம்ம ஊர்ப் பொம்பளை, அங்கெல்லாம் போய் நின்னு அது பேப்பர்ல வந்தா என் வேலை போயிடும். இதை அடிச்சிட்டு மியூசியம்னு எழுது. இல்லன்னா உன் கொழுந்தனை அழைச்சிட்டுப் போறேன். ஹெல்ப்பர்தானே, யார் உட்கார்ந்தா என்ன?"

அந்தச் சொல்லை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மியூசியம் என்று எழுதியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். பேனாவைக் கூடக் கையில் எடுத்திருந்தேன். அதை மேசை மேல் வைத்துவிட்டு, என் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "மியூசியம்னு எழுதிக் குடுத்துட்டு அங்க போய் எங்க வேணா போலாமே. யாரு பாக்கப் போறா? எதுக்கு இந்த வீம்பு?"

"எதுக்குத் திருட்டுத்தனமாப் போவணும்? நம்ம வூட்டுக்கு எவனாச்சும் ஒளிஞ்சிக்கினா வந்தான்? நேரா வந்து நின்னு பாத்தான். நானும் நேராத்தான் போவேன். எழுதினது எழுதினதுதான்."

"உன்ன வுட்டுட்டுப் போயிடுவாங்கடி."

"போவட்டும்."

சொல்லிவிட்டேனே ஒழிய, அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். விமானத்தில் ஏறுவது எனக்கென்ன வேண்டாததா? வாழ்க்கையில் திருப்பதியைத் தாண்டாதவள் நான். ஒரு தாளில் இரண்டு வரியை அடித்தால் போதும், கடல் தாண்டலாம். அடிக்கக் கை வரவில்லை.

கொழுந்தனைத் தறியில் உட்கார வைத்தார்கள். அவன் நல்ல நெசவாளி, குறை சொல்லக் கூடாது. தனியாக நெய்தால் என் வீட்டுக்காரரையே தூக்கிச் சாப்பிடுவான். ஆனால் பக்கத்தில் உட்காருவது வேறு வேலை. குழியில் இருப்பவர் மிதிக்கப் போவது அவர் தோளில் முதலில் தெரியும், அதைப் பார்த்துக் கை போக வேண்டும். ஒரு வாரம் இரண்டு பேரும் தறியில் சண்டை போட்டார்கள். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை சொல்லித் தரவும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், ஒருத்தரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் அதிகாரி வந்து, நெய்த முழத்தைக் கையில் எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கரையும் உடலும் சேரும் இடம் நெடுகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தது. கொழுந்தன் தலையைச் சொறிந்தான். அதிகாரி சேலையை மடித்து வைத்துவிட்டு, "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

நான் வந்தேன். தறிப்பக்கம் போகாமல், பெட்டியிலிருந்து கட்டத்தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். மூன்றாம் நாள் கட்டங்களில் இப்போது "இன்னொரு தோட்டம், அந்தம்மா காட்டுவது" என்று எழுதியிருந்தது.

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார். அப்பறம் உக்கார்றேன்."

"திராட்சைத் தோட்டம்னு மட்டும் இருக்கட்டுமேம்மா. அந்த வைன் வார்த்தையை எடுத்துடலாமே" என்றார், குரல் இறங்கி.

"தோட்டத்துல வைன்தானே சார் செய்யறாங்க? வெல்லமா செய்யறாங்க?"

அவர் கொழுந்தனைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மிதித்தார். அன்று மாலைக்குள் நாலு விரல் நெய்தோம், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

பிரான்சில் கண்காட்சி பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் காலை பிரெஞ்சுக்கார அம்மாள் காரோடு வந்து நின்றாள். பெரிய தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெண்கள் குனிந்து குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் மடியில் கேள்விப் பட்டியல் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பக்கத்து வரிசையில் இருந்த ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், சட்டென்று நிமிர்ந்தாள். தலைத்துணிக்குள் முடியைத் தள்ளினாள். கறை ஏறிய இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிரெஞ்சுக்கார அம்மாள் "இவங்க கூலிக்கு வந்தவங்க, வா, பீப்பாய் பார்க்கலாம்" என்று நடந்துகொண்டே போனாள்.

நான் பின்னால் போகவில்லை. அந்தக் கையை மறைக்கிறது எனக்குத் தெரியாதா? அவளிடம் போய் முதுகு வலிக்கிறதா என்று கேட்பதற்கா நான் இத்தனை சண்டை போட்டு வந்தேன்? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வரிசையில் இறங்கினேன். கையை நீட்டினேன். அவள் முழித்தாள். அப்புறம் பின்னாலிருந்து கையை எடுத்து, தன் சின்னக் கத்தியை என்னிடம் கொடுத்து, காம்பை எங்கே அறுக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். மத்தியானம் வரைக்கும் வெட்டினேன். பிரெஞ்சுக்கார அம்மாள் வந்து வந்து கூப்பிட்டாள். "இரும்மா, இந்த வரிசை முடியட்டும்" என்றேன். எனக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும், அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

பாக்கி மூன்று நாளும் திட்டப்படிதான் போனேன். புருஷன் பெண்சாதித் தோட்டத்தில் வாசல் பலகையில் புருஷன் பெயர் மட்டும் இருந்தது. நான் அதைக் காட்டி அந்தப் பெண்சாதியைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வாய் விட்டுச் சிரித்தாள். மஞ்சள் குங்குமத்தை அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் தெருவே எங்கள் வாசலில் நின்றது. மாமியார், கொழுந்தன், எதிர் வீடு, பின் தெரு, கடைசியில் ஊசி நூல் கடை பாய்கூடத் தயங்கித் தயங்கி, எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "குடிச்சியா?" அதிகாரி ஒருபடி மேலே போய், குடிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு வரை ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. அது என் சங்கதி. என் வீட்டுக்காரர் நாலு நாளில் ஒன்பது கோப்பை குடித்தார், நான்தான் எண்ணினேன். அவரை ஒருத்தரும் கேட்கவில்லை.