கண்ணாடியில் போட்ட கையெழுத்து

அந்தக் காலத்து டேப்லெட்டை விரலால் தொட்டால் ஒன்றும் நடக்காது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. கதை விடாதே என்கிறார்கள். அதோடு ஒரு பேனா வரும், மையில்லாத பேனா. அதன் முனை பட்டால்தான் திரை அசையும். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. திரையைத் திருப்பி மடக்கிவிட்டால் பெரிய சிலேட்டு, நிமிர்த்திவிட்டால் சாதாரண லேப்டாப். உள்ளே ஒரு குட்டி ஃபேன் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தால் தொடை வெந்துபோகும். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். வெயிலில் திரை தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினால் ஒன்றரை மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம்.

இந்தச் சனியனை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சர்வே ஆபீஸில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அட்டையும் பேப்பரும். ஆபீஸில் இருந்த ஒரே டேப்லெட்டை, இங்கிலீஷ் நன்றாக வருகிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். எம்.ஏ. படித்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாளே என்று புலம்பிக்கொண்டிருந்த அப்பா, அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமா தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. நான் பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதிக் காட்டினேன். அன்றைக்கு எனக்கிருந்த பந்தா கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு வேறு.

வேலை இதுதான். தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு மீனவக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கழிப்பறை உண்டா. ஏதோ ஒரு கம்பெனி அந்தப் பக்கம் நல்ல காரியம் செய்யப் போகிறது, அதற்கு விவரம் வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கேள்விகள் முடிந்ததும் திரையில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் கடைசிப் பக்கம் வரும். வந்ததுமே அது நேராக அடியில் போய் நிற்கும். அங்கே ஒரு கட்டம், அதில் வீட்டுக்காரர் கையெழுத்து. நீ அந்த வீட்டுக்குப் போனாய் என்பதற்கு அத்தாட்சி, மற்றபடி வெறும் ஃபார்மாலிட்டி என்றார் சூப்பர்வைசர். நானும் அதையே வீட்டுக்கு வீடு ஒப்பித்தேன்.

முதல் குப்பத்தின் ஐம்பத்து நான்கு வீடும் முந்தின வாரம் நாலு நாளில் முடிந்தது. இரண்டாவது குப்பத்தில் முதல் நாள், மதியத்துக்குள் பத்தொன்பது வீடு முடித்துவிட்டேன். ஒரு பேட்டரி தீர்ந்து, மாற்று பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. சார்ஜர் ஆபீஸைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். இருபத்து மூன்று சதவீதம். இன்னும் இரண்டு வீடு பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தபோது எதிரே மணலில் கால்கள் தெரிந்தன. நிறையக் கால்கள்.

நிமிர்ந்தால், காலையில் முதல் கையெழுத்துப் போட்ட அக்கா. நாற்பது வயதிருக்கும், மீன் விற்கிறவள். அவளுக்குப் பின்னால் பதினெட்டுப் பெண்கள், எல்லாரும் அன்றைக்கு எனக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். காலையில் மோர் கொடுத்த முகங்கள்தான். இப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"காலைல நான் போட்டனே கையெழுத்து, அது எங்க கீது?" என்று கேட்டாள் மீன்கார அக்கா.

இதற்குள்ளேதான் இருக்கிறது என்று டேப்லெட்டைத் தட்டிக் காட்டினேன். அவள் சமாதானமாகவில்லை. பேப்பரில் போட்டால் பேப்பர் இருக்கும், அது யார் கையில் இருக்கிறது என்று தெரியும், கண்ணாடி மேல் போட்டது எங்கே போகும் என்று கேட்டாள். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வீட்டுக்குப் போய்க் குழம்பு கூட்டும்போது வந்ததாம். கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காலையிலிருந்து சோறில்லை, தலை வலி, இதில் என்னைத் திருடி மாதிரி நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களே என்று ஆத்திரம். மேலே ஒன்றும் இல்லை, வெறும் கட்டம்தான் என்று வெடுக்கென்று சொன்னேன்.

"ஒண்ணும் இல்லாததுல எவனாவது கையெழுத்து வாங்குவானா பாப்பா? படிச்சிக் காட்டு."

காட்டினால் போயிற்று என்று அவளுடைய ஃபாரத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கம் வழக்கம்போல அடியில் போய் நின்றது. கட்டத்துக்குள் அவள் பெயர் கோணல்மாணலாக இருந்தது. ஓரத்தில் இருந்த பட்டையைப் பேனாவால் பிடித்து மேலே இழுத்தேன். இந்த வேலைக்கு வந்து அதைச் செய்தது அதுதான் முதல் தடவை. அங்கே பொடி எழுத்தில் எட்டு வரி இங்கிலீஷ் இருந்தது.

முதல் வரியை உரக்கப் படித்துத் தமிழிலும் சொன்னேன். கொடுத்த விவரமெல்லாம் உண்மை என்று இருந்தது. போதுமா என்பது போல அவளைப் பார்த்துவிட்டு இரண்டாவது வரிக்கு வந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. கண் மட்டும் கடைசி வரைக்கும் ஓடியது. இந்த இடத்தில் நான் தற்காலிகமாகத்தான் குடியிருக்கிறேன், இதன் மேல் எனக்கு எந்த உரிமையும் கிடையாது, வேறிடம் காட்டினால் காலி செய்துவிட்டுப் போக எனக்கு ஆட்சேபணை இல்லை. அதன் கீழேதான் அந்தக் கட்டம்.

ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூலையில் பதினாறு சதவீதம் என்று காட்டியது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு முதலில் தோன்றியது, வேலை போய்விடும் என்பது. அடுத்து, இவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது. அதற்கும் அடுத்து, கொஞ்ச நேரம் இழுத்தடித்தால் பேட்டரி தானாகத் தீர்ந்துவிடும், அப்புறம் யார் என்ன செய்ய முடியும் என்பது. அவர்கள் வீடு, அவர்கள் மணல் என்பதெல்லாம் நாலாவதாகத்தான் வந்தது.

"எல்லாம் சரியா இருக்குன்னுதான் போட்டிருக்குக்கா," என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு உம் மூஞ்சி இப்டி ஆய்ப்போச்சு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். எட்டு வரியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாரோ என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார்கள். பொட்டியைப் பிடுங்கிக் கடலில் வீசு என்றது ஒரு குரல். இவளை விடாதே, ஆம்பிளைங்க கரைக்கு வரட்டும் என்றது இன்னொன்று. மீன்கார அக்காதான் கையை நீட்டி எல்லாரையும் அடக்கினாள். பொட்டியைக் கடலில் போட்டால் கையெழுத்துச் சாகுமா என்று அவளுக்குச் சந்தேகம். அழிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டாள்.

முடியும். அந்தப் பேனாவின் பின்முனையில் ஒரு குமிழ் உண்டு. பேனாவைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தால், பென்சில் கோட்டை ரப்பர் அழிப்பது போல அழித்துவிடும். கையெழுத்து இல்லாவிட்டால் ஃபாரம் முடிந்ததாகக் கணக்கில்லை, மொத்தமும் செல்லாது. மொத்தமாக அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கம் பக்கமாகத் தள்ளி, அடிக்குப் போய் அழிக்க வேண்டும். பத்தொன்பது ஃபாரம், பதினான்கு சதவீதம்.

மீன்கார அக்கா தன்னுடையதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பேட்டரியைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்தேன், உடனே கடற்கரை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் போனது. பெண்கள் நெருங்கி வந்து முந்தானைகளை என் தலைக்கு மேல் பிடித்தார்கள். அந்த நிழலுக்குள் மூச்சும் வேர்வையும் மீன் வாடையுமாக நான் ஒவ்வொருத்தி பெயரையும் வாசித்தேன். அவளவள் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தாள். நான் தேய்த்தேன். கோடுகள் போயின. ஒருத்தி நம்பாமல் இன்னொரு தடவை திறந்து காட்டச் சொன்னாள். நேரமில்லைக்கா என்று கிட்டத்தட்ட அழுதேன். மிஷின் சூடாகிச் சூடாகி ஒவ்வொரு பக்கத்துக்கும் யோசித்தது. பத்து, எட்டு, ஆறு. பதினைந்தாவது ஃபாரத்தில் பேட்டரி குறைவு என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து கட்டத்தை மறைத்தது. அதை மூடினால் திரும்பவும் வந்தது. அவசரத்தில் பேனா கைநழுவிக் கீழே விழுந்து மணலில் புதைந்தது. யாரோ எடுத்துப் புடவையில் துடைத்துக் கொடுத்தார்கள்.

மூன்று சதவீதத்தில் மீன்கார அக்காவின் ஃபாரம் திறந்தது. அழித்தேன். வெறும் கட்டத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானைகள் விலகின, காற்று வந்தது. எனக்கு வந்த நிம்மதி அப்படி ஒரு நிம்மதி. வேலை போனால் போகிறது, நான் நல்லவள்தான் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "பக்கத்துக் குப்பத்துல எங்க அக்கா கீது. போன வாரம் அதுவும் போட்டுச்சாமே. அத்தயும் அழிச்சிடு."

தினமும் சாயங்காலம் ஆபீஸுக்குப் போனதும் டேப்லெட்டை ஒரு தாங்கியில் சொருகி வைப்பேன். அது சார்ஜ் ஏறும்போதே அன்றைக்கு வாங்கிய ஃபாரமெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், டேப்லெட்டில் ஒன்றும் மிச்சமிருக்காது. இதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"அது இதுல இல்லக்கா," என்றேன். அதற்குள் திரையும் அணைந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அதெல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று என்றார் சூப்பர்வைசர். எழுதியிருந்ததைக் காட்டினேன். நீ என்ன வக்கீலா என்று கேட்டார். கத்தினேன், அவரும் கத்தினார். பேனா, பேட்டரி இரண்டு, பை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்பினார்கள். ஐம்பத்து நான்கு வீட்டின் கையெழுத்தில் ஒன்றைக்கூட என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆனால் அதெல்லாம் மறுநாள். அன்று மதியம் மீன்கார அக்கா என் கையைப் பிடித்து எழுப்பினாள். எங்கக்காகிட்ட என்னால் சொல்ல முடியாது, நீயே வந்து சொல்லு என்றாள். கரையோரமாகவே நடந்தோம், பத்து நிமிஷம். அந்த அக்காவை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாழ்க்கையில் எங்கும் கைநாட்டுத்தான் வைத்தவள். போன வாரம் முதலில் கட்டைவிரலைத்தான் அழுத்தினாள், கண்ணாடியில் வெறும் எண்ணெய்க் கறைதான் விழுந்தது. பேனாதான் வேண்டும் என்றதும், தன் பெயரை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்துத் திரையில் வரைந்தாள். பேனா வழுக்கியது. இரண்டு தடவை நானே அழித்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்துவிட்டது. பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பேனாவுக்காக நீட்டினாள்.

"இன்னொரு தபா போடணுமா பாப்பா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தங்கையைப் பார்த்தாள், வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கை மட்டும் நீட்டினபடியே இருந்தது. மேலே எழுதியிருந்ததை அன்றைக்கு நானும் படிக்கவில்லை, சத்தியமாக எனக்கும் தெரியாது அக்கா என்று முடித்தேன். அதைச் சொன்னால் கொஞ்சம் மன்னிப்பாள் என்று நினைத்தேன்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது," என்றாள். "உனுக்கு இன்னா பாப்பா?"