அம்பிளியும் காணாமல் போன டிஸ்கும்

அம்பிளிக்கு வாய் நீளம். மட்டாஞ்சேரியில் எங்கள் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் படம் வெட்டி ஒட்டுவது அவள் வேலை, ஆல்பம் அடுக்குவது என் வேலை. முதலாளி செல்லதுரை ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார். அதனால்தான் எங்கள் கம்ப்யூட்டரில் காசு கொடுக்க வேண்டாத லினக்ஸ்.

அம்பிளியின் அண்ணன் சஜி அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் வேலைக்கென்று போனவன். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. கோபத்தில் அப்பா அவன் போட்டோக்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கொஞ்ச நாளில் தானும் போய்ச் சேர்ந்தார். அம்மா சரோஜம்மா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாடகை வீட்டுக்கு வந்தார்கள். ஆனாலும் ஞாயிறுதோறும் சரோஜம்மா பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"உனக்குப் பைத்தியமா அம்மே? அங்க யாரு இருக்காங்க?" என்று அம்பிளி கத்துவாள்.

2006 மழைக்காலத்தில், பழைய டேப்புகளை டிஸ்கில் ஏற்றும்போது, பக்கத்து வீட்டுக் கல்யாண டேப் ஒன்றில் சஜி அகப்பட்டான். சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடுகிறான். பூசணம் பிடித்த அந்த டேப் அதோடு குப்பைக்குப் போனது. அம்மாவிடம் காட்டப்போகிறேன் என்று அம்பிளி துள்ளினாள்.

அதற்குள் செல்லதுரை தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று கேபிள்களைக் கழற்றி மாற்றிச் சொருகிவிட்டார். மறுநாள் அந்த டிஸ்கே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"டிஸ்கு செத்துப்போச்சு. உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சு நோக்கு, பிழைச்சா ஞாயிறாழ்ச கல்யாணத்துக்கு ஆகும்" என்றார்.

"சாவலை சேட்டா! தொட்டீங்கன்னா நான் இப்பவே எறங்கிப் போயிடுவேன்" என்று பாய்ந்தாள் அம்பிளி.

டிஸ்குகளைக் கவனிக்கும் நிரல் அவை இருந்த பாதைகளை முன்பே எழுதி வைத்திருந்தது. அந்த வாசல்களை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறது. கேபிள் மாறியதால் டிஸ்கு புதிய பாதையில் இருந்தது. பழைய குறிப்பில் அது இல்லாததால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்பிளி அந்தக் குறிப்பை அழித்தாள், எல்லா வாசலிலும் தேடச் சொன்னாள். இனி எதையும் எழுதி வைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும்படி மாற்றினாள். டிஸ்கு வந்தது. சஜியும் வந்தான், வாளியோடு.

சாயங்காலம் சரோஜம்மாவைக் கூட்டி வந்து காட்டினாள். அவள் திரையைத் தொட்டாள்.

"மெலிஞ்சுட்டான்."

கம்ப்யூட்டர் எப்படித் தேடாமல் விட்டது என்று அம்பிளி பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவனும் அப்படித்தான் மோளே. பழைய வாசலைத்தான் தட்டுவான். தெரியாத முகத்தைக் கண்டா திரும்பிடுவான். நம்ம சஜிக்கு யார்ட்டயும் வழி கேக்கத் தெரியாதே."

 அடுத்த ஞாயிறு நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அம்பிளியும் அம்மாவோடு பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனாள்.

சரோஜம்மா இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பிளியை யாராவது கேட்டால், வாடகை வீட்டில் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.