கௌசல்யா அக்கா வாய்விட்டுச் சொன்ன வலி

மலைக்கோட்டைக்குக் கீழே நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்து, "நம்ம கௌசல்யா போயிட்டாடி" என்றார். டெங்குக் காய்ச்சல். அக்கா கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் வீடு.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா கல்லூரி கோ-கோ அணியின் கேப்டன். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நானோ வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றவள். அவர் மேல் எனக்கு எப்போதும் பொறாமை. அவரை அவ்வளவு கூர்ந்து கவனித்ததும் அதனால்தான்.

போன வருடம் ஆட்டத்தில் அவரால் குந்தி உட்கார முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் துணைக்கு நானும் போனேன். அறையில் பயிற்சி டாக்டர்களாக இரண்டு பையன்கள் நின்றார்கள். "எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதும் அக்காவின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், முந்திக்கொண்டு, "கால்ல சார்" என்றார்.

"கால்ல இல்ல சார், தொடை இடுக்குல. குந்தினா உள்ள கவ்வுது" என்றார் அக்கா.

அத்தை அவர் கையைக் கிள்ளினார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் பல மாதமாக அதே இடத்தில்தான் வலி. வீட்டில் முட்டி வலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

அக்காவுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் ஒரு புடைப்பு. மடங்கும்போதெல்லாம் அது இடுப்புக் குழியின் விளிம்பில் இடித்து, அங்கே மெத்தை போலிருக்கும் வளையம் கிழிந்திருந்தது. சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, புடைப்பைச் செதுக்கி, கிழிசலைத் தைத்தார்கள். தொழிற்சாலையில் ஃபிட்டரான அவர் அப்பா, "நாங்க அரம் போட்டு ராவுறதுதாங்க. இவங்க ஓட்டைக்குள்ள விட்டு ராவுறாங்க" என்று தெருவுக்கே விளக்கினார்.

அக்கா ஊன்றுகோலோடு வீடு வந்ததும் என் அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்து எதிர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத் தைலம். "முட்டிக்கு இது போதும்டி." சூப் வாசனையில் நான் வயிறெரிந்து நின்றேன்.

மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அக்கா கடைக்கு வந்தார். நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டார்.

"முட்டியாடி அது? யார்கிட்ட கதை விடற?"

"நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"நல்லா இருக்கே! வலி உனக்கு, வாய் எனக்கா? கூட வரேன். நீதான் சொல்லணும், ஊமச்சி."

நாங்கள் டாக்டரிடம் போவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அணிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கதறினார்கள். அப்படி அழ முடிந்ததே என்று அவர்கள் மேலும் பொறாமைப்பட்டேன். நான் சுவரோரம் நின்றேன்.

"என்னடி மரம் மாதிரி நிக்கற? உட்காரு" என்றார் அம்மா.

"முடியலம்மா. முட்டி இல்ல. தொடை இடுக்குல வலிக்குது."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்தைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவி, இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கியே! இவளுக்கு ஒரு சேர் போடுங்க" என்றார்.

அக்காவின் தலைமாட்டில் போட்டார்கள். எல்லோரும் தரையில் இருக்க நான் மட்டும் நாற்காலியில். அம்மா என் காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா, எனக்கு இன்னும் பொறாமைதான். வலியை வாய்விட்டுச் சொல்ல, முதலில் சொல்லிக் காட்ட உங்களுக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. எனக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள். போய் வாருங்கள்.