பருப்பு குடோனில் ஒரு டெரியர்

குடோன் கிளார்க் வேலை என்பது மூட்டைகளை எண்ணுவது. எண்ணி முடிப்பதற்குள் எலி ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவது. தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பருப்பு குடோனில் பதினெட்டு வருஷம் இதைச் செய்தேன். அதில் பதிமூன்று வருஷம் ஒரு நாயையும் பார்த்துக்கொண்டேன். சேரும்போது சொல்லாத வேலையைப் பிறகு தலையில் கட்டிக்கொண்டு முழிக்கிற சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கூடையில் வந்தது

தொண்ணூறுகளின் கடைசி. எலித்தொல்லை தாங்க முடியவில்லை. பொறி வைத்தோம், எலிகள் தேங்காய்ச் சில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போயின. பூனை வளர்த்தோம்; அது பின்தெருவில் மீன் விற்கிறவர்களோடு ஐக்கியமாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு பழக்கூடையோடு வந்து இறங்கினார். உள்ளே வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி. "ஃபாக்ஸ் டெரியர். எலி பிடிக்கவே பொறந்த ஜாதி. நீதான் பாத்துக்கணும்மா, பொம்பளைங்களுக்குத்தான் வளர்க்கிற பக்குவம் வரும்" என்று என் மேசைமேல் வைத்தார். நான் அதுவரை ஒரு துளசிச் செடியைக்கூட உருப்படியாக வளர்த்ததில்லை.

குட்டி நேராகப் போய் ஒரு பட்டாணி மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டதால் அதன் பெயர் பட்டாணி ஆயிற்று. மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி ஏகாம்பரம். அவர் குனிந்து குட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா கிளார்க்கம்மா, மொதலாளி எலி புடிக்க நாயி வாங்கியாந்தாரா, இல்ல எலியவே வாங்கியாந்தாரா?"

கதவில் போட்ட கோடு

ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. பாலில் பிசைந்த சோறு, முள் எடுத்த மீன், வேகவைத்த முட்டை. பட்டாணி கிடுகிடுவென்று வளர்ந்தது. மாதம் ஒருமுறை அதை இரும்புக் கதவோரம் நிற்கவைத்து ஏகாம்பரம் சாக்பீஸால் கோடு போடுவார். முதலாளி வந்ததும் முதலில் கோட்டைத்தான் பார்ப்பார். போலீஸ் நாய் உயரத்துக்கு வரும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது. ஒன்பதாவது மாதமும் பத்தாவது மாதமும் கோடு ஒரே இடத்தில் விழுந்தது. என் முழங்காலைக்கூடத் தாண்டவில்லை. "நாய்க்கு வைக்கிற முட்டையை யாரும்மா சாப்பிடறது?" என்று முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து முதலாளியும் நானும் பட்டாணியுமாக ராயபுரத்தில் இருந்த நாய் டாக்டரம்மாவிடம் போனோம். நல்ல கைராசிக்காரர், மேசைக்குப் பின்னால் நின்றால் தலை மட்டும்தான் தெரியும், அவ்வளவு உயரம். "இந்த ஜாதி இவ்வளவுதான் சார். எலும்பு வளர்ச்சி முடிஞ்சாச்சு. இனிமே சாப்பாடு ரெண்டு வேளை போதும். அதிகம் போட்டா உயரமா போகாது, அகலமாத்தான் போகும்" என்றார். முதலாளிக்கு மனசு ஆறவில்லை. டானிக் கீனிக் கொடுத்து ஒரு அரை அடி ஏற்ற முடியாதா என்று கெஞ்சினார். டாக்டரம்மா எக்கி நின்று சொன்னார்: "அப்படி ஒரு டானிக் இருந்தா மொதல்ல நான் குடிச்சிருப்பேன் சார்."

சாம்பிள்

உயரம்தான் குறைவே தவிர, வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு வயது ஆனபோது மூட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, பெருச்சாளியின் கழுத்தைக் கவ்வி ஒரே உதறல், அவ்வளவுதான். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். பிடித்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டாமல் அதற்குத் தூக்கம் வராது.

புளியந்தோப்பில் மெஸ் நடத்துகிற ஒருவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார். அவரைப் பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்குவார் என்று முதலாளி என்னிடம் நாலு தடவை சொல்லியிருந்தார். நான் தட்டில் துவரம் பருப்பைப் பரப்பி, "பாருங்கண்ணே, கல்லு மண்ணு எதுவும் இருக்காது" என்றேன். பட்டாணி நாற்காலியில் தாவி, நாற்காலியிலிருந்து மேசைக்குத் தாவி, வாயில் இருந்ததைத் தட்டின் நடுவில் பொத்தென்று வைத்துவிட்டு வாலை ஆட்டியது. மெஸ்காரர் பெருச்சாளியைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, நானு சைவ மெஸ்ஸுமா!"

பல் விளக்கும் படலம்

வாரம் இரண்டு முறை பிரஷ்ஷால் முடியை வார வேண்டும். வாராவிட்டால் வெள்ளை முடியெல்லாம் என் புடவைக்கு வந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். மாதம் ஒருமுறை நகம் வெட்ட வேண்டும். காதுக்குள் உண்ணி பார்க்க வேண்டும். இதெல்லாம் பழகிய பிறகு டாக்டரம்மா பல்லும் விளக்கச் சொல்லிவிட்டார். சின்ன ஜாதி நாய்களுக்கு வயசாக ஆகப் பல்தான் முதலில் கெடுமாம். மனுஷர் பேஸ்ட் ஆகாதாம், நாய்க்கென்று தனி பேஸ்ட்.

குழாயடியில் பட்டாணியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு நான் விளக்க ஆரம்பித்தால் ஆட்கள் எல்லோரும் மூட்டையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சிந்திய பருப்பைப் பெருக்குகிற கன்னியம்மா மட்டும் சிரிக்காமல், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "என் வூட்டுக்காரனையும் நாளைக்கு இட்டாரட்டா கிளார்க்கம்மா? அதுவும் கடிக்காது."

வயசுக் கணக்கு

நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அப்படி இல்லை, முதல் வருஷமே பதினைந்து, இரண்டாவதில் இருபத்து நாலு, பிறகு வருஷத்துக்கு நாலு ஐந்தாகக் கூடும் என்று டாக்டரம்மா விளக்கினார். பட்டாணிக்கு எட்டு வயது, முகவாயெல்லாம் நரைத்துவிட்டது. ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் தொந்தரவு செய்யாமல் தூங்க விடுங்கள் என்றார். ஆட்களைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். ஏகாம்பரம் தலையில் இருந்த மூட்டையை இறக்கவே இல்லை. "எனுக்கும் அம்பதுதான் கிளார்க்கம்மா. என்ன எப்போ தூங்க வுடப் போறீங்க?"

காது

பதினோராவது வயதில் பட்டாணிக்குக் காது மந்தமாகிவிட்டது. நான் முதலில் கவனிக்கவில்லை; கூப்பிட்டால் வராததைத் திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் லாரி ரிவர்ஸில் வருகிறது, ஹாரன் அலறுகிறது, பட்டாணி சக்கரத்துக்கு நேராக வெயிலில் படுத்துத் தூங்குகிறது. ஏகாம்பரம் பாய்ந்து, அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்து, அதோடு சேர்ந்து தரையில் உருண்டார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. பட்டாணி எழுந்து, தூக்கம் கெட்ட கோபத்தில் அவரைப் பார்த்துக் குரைத்தது.

விஷயம் முதலாளிக்குப் போயிற்று. பொன்னேரியில் தனக்கு ஒரு தோட்டம் இருக்கிறது, நாயை அங்கே கொண்டுபோய் விடலாம், இங்கே இருந்தால் அடிபட்டுச் செத்துவிடும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் என்னை விட்டு ஒரு நாள்கூட அது இருந்ததில்லை. சிராய்த்த முழங்கையோடு ஏகாம்பரம்தான் முன்னால் வந்தார். இங்கே ஒரு தகவல்: முதலாளிக்கும் இரண்டு வருஷமாகக் காது மந்தம். வாங்கிய மெஷின் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும்.

"காது கேக்கலன்னு அத்த தொரத்துனா, நாளிக்கி உன்ன யாரு நைனா வெச்சிக்கினு இருப்பாங்க?" என்றார் ஏகாம்பரம், முகத்துக்கு நேராக. முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றான்?" என்றார். "நாய் இங்கயே இருக்கட்டும், லாரி வர்ற நேரத்துல அவரே கட்டிப்போட்டுப் பாத்துக்கறாராம் சார்" என்று காதருகே கத்தினேன். முதலாளிக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது: "அதைத்தானேம்மா நானும் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்!"

பட்டாணி அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தது, நானும் வேலையை விட்டுவிட்டேன், எலிகள் மட்டும் இன்னமும் ஒரு நாள் லீவு போடாமல் வேலைக்கு வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.