வாபஸ் வாங்கிய பிறகு நடந்த ஸ்ட்ரைக்

வடக்குத்து கிராமத்துப் பழனிவேலுக்கு ஸ்ட்ரைக் என்றால் பந்தியில் பாயசம் மாதிரி. நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிறதை வாரிப் போடும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. பர்மனன்ட் ஆக்கச் சொல்லி யார் உட்கார்ந்தாலும் முதல் வரிசையில் அவர் இருப்பார். எந்தச் சங்கம் என்றுகூடப் பார்க்கமாட்டார். பஸ்ஸுக்காகக் காத்திருந்த கும்பலோடு உட்கார்ந்து ஒருமுறை அரை மணி நேரம் கோஷம் போட்டார் என்று கேலி பேசுவார்கள். அவர் மறுத்ததில்லை.

மகள் தமிழ்மொழி சுரங்க டவுன்ஷிப் கல்லூரியில் இரண்டாம் வருஷம். 2014இல் ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு ராணி வேஷம் கிடைத்தது. பொறுப்பாசிரியை புஷ்பவல்லி மேடம் வசனத்துக்கு முன்னால் மேடைச் சொற்களைத்தான் சொல்லிக்கொடுத்தார். அவை வீடு வரைக்கும் வந்தன.

"பிளாக்கிங் சரியா வரலப்பா" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். மேடையில் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

பழனிவேல் பெருமூச்சு விட்டார். "நாம கான்ட்ராக்ட்டும்மா. டவுன்ஷிப் பிளாக்குல வூடு, குவார்ட்டர்ஸு எல்லாம் பர்மனன்ட்டுக்குத்தான்."

விழாவுக்கு முந்தின நாள் அவள் தோழியிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "நாடகம் முடிஞ்சதும் ஸ்ட்ரைக்டி. ஒருத்தர் கூட வூட்டுக்குப் போவக்கூடாதுன்னு மேடம் கண்டிஷனா சொல்லிட்டாங்க."

பழனிவேலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளிடம் எதுவும் கேட்கவில்லை. போராட்ட ரகசியத்தை வீட்டில் துருவக்கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? நேராகச் சங்கச் செயலாளர் சாமிக்கண்ணுவிடம் போனார்.

"டீச்சரம்மாவே தலைமை தாங்குறாங்கண்ணே. நாம பாத்துகினு இருக்கிறதா?"

"கோரிக்கை இன்னா?"

"அத அங்க போயி கேட்டுக்கலாம்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து பதினைந்து பேர் ஹெல்மெட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கொடி சுருட்டி மடியில் இருந்தது. நாடகத்தை மரியாதையாகத்தான் பார்த்தார்கள். ராஜா வரியை உயர்த்தியபோது மட்டும் "ஒழிக!" என்று ஒரு குரல் கேட்டது.

திரை விழுந்தது. விருந்தினர்கள் கிளம்பினார்கள். மேடம் கையைத் தட்டி, "ஓகே, ஸ்ட்ரைக்!" என்றார்.

"போராட்டம்..." என்று பழனிவேல் எடுத்துக்கொடுத்தார்.

"வெல்லட்டும்!" என்று கூரை அதிர்ந்தது. கொடி விரிந்தது. பதினைந்து பேரும் மேடையேறி, அட்டை அரண்மனைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜாவாக நடித்த முகமது அசீம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து ஒரு தூணைக் கழற்றப் போனான். பழனிவேல் அவன் கையைப் பிடித்தார். "ஸ்ட்ரைக் நடக்கச்சொல்ல வேல செய்யறியே தம்பி, இது கருங்காலித்தனம் இல்ல?"

"இதான் அங்கிள் ஸ்ட்ரைக்கு!"

மேடம் ஓடிவந்தார். "நாடகம் முடிஞ்சதும் செட்டைப் பிரிச்சு எடுத்து வைக்கிறதுக்குப் பேரு ஸ்ட்ரைக்குங்க."

சாமிக்கண்ணு நெற்றியைச் சுருக்கினார். "அப்ப ஸ்ட்ரைக்னா வேல செய்யறதா?"

"ஆமாங்க."

"வேல செய்யாம உக்காந்துகினு இருந்தா?"

மேடம் தடுமாறினார். "அப்ப... ஸ்ட்ரைக் நடக்கலன்னு அர்த்தம்."

தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை தந்திரமான நிர்வாகத்தை அவர்கள் இதுவரை சந்தித்ததில்லை.

ஆனாலும் சும்மா எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்தவர்கள் எதையாவது வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். "புள்ளைங்களுக்கு இன்னா குறை?" என்று சாமிக்கண்ணு கேட்டார்.

தமிழ்மொழி கிரீடத்தோடு பக்கத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அப்பாவைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேக்கப் அறையில் வியர்த்துக் கொட்டி, மை கன்னத்தில் இறங்கியது நினைவுக்கு வந்தது. "கிரீன் ரூம்ல ஃபேன் இல்ல" என்றாள்.

கொடி ஏறிய செய்தி கேட்டு வேர்க்க விறுவிறுக்க வந்த கல்லூரி முதல்வர் கோபாலகிருஷ்ணனுக்குப் போன உயிர் திரும்பியது. "ஃபேன்தானா? ரெண்டா மாட்டிடுவோம்!"

"ஸ்ட்ரைக் வாபஸ்!" என்று சாமிக்கண்ணு அறிவித்தார்.

"அப்ப ஸ்ட்ரைக்கை ஆரம்பிக்கலாங்களா?" என்றார் மேடம்.

இரும்பையே தூக்கிப் பழகிய கைகள். பிள்ளைகள் ஆணிக்கு டப்பா தேடுவதற்குள் அரண்மனை பலகையும் கட்டையுமாக மூலையில் அடுக்காகிவிட்டது. பழனிவேல் மட்டும் ஒரு தூணைக்கூடத் தொடவில்லை. ஸ்ட்ரைக் என்ற பெயரில் வேலை செய்ய அவருக்கு மனசு ஒப்பவில்லை. மகளின் கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

திரும்பும்போது மொபெட்டில் தமிழ்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவராகத்தான் ஆரம்பித்தார். "இந்த மாதிரி வேற இன்னா வார்த்தையெல்லாம் இருக்குது?"

"க்யூ."

"வரிசையா?"

"இல்லப்பா. இப்ப நாம பேசணும்னு காட்டற அடையாளம். அது வர்ற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது."

பழனிவேல் அதை யோசித்துக்கொண்டே ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினார். "எங்க கமிட்டில ஒருத்தனுக்கும் இது தெரியாது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஃபேன் வந்தது. ரெண்டு அல்ல, ஒன்று. அதுவும் மேஜைமேல் வைக்கிற சின்னது. சங்கக் கூட்டத்தில் அதை வெற்றியாக அறிவித்துப் பழனிவேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.