முதல் லோஞ்சைக் கரைசேர்த்தவர்

2009 கோடையில், எங்கள் குடும்பத்துக் கப்பல் கம்பெனியின் கதையைச் சிறு புத்தகமாக எழுதத் தொடங்கினேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கிடையே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கிய மூன்று லோஞ்சுகள், மோட்டார்ப் படகுகள், அவ்வளவுதான். அப்பப்பா தொடங்கினார், அப்பாவும் பெரியப்பாவும் ஓட்டினார்கள். போரில் லோஞ்சுகள் போயின. நாங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் ஒரு கலியாண வீட்டாரை ஏற்றிப் போனார்கள். அன்று சுக்கான் பிடித்தது தான்தான் என்றார் அப்பா. இல்லை, தான்தான் என்றார் பெரியப்பா. ஒரு கிழமை முழுவதும் இருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆகஸ்டில் கோயில் தேருக்காக அவர்களுடைய தங்கை, என் மாமி, பாரிசிலிருந்து வந்தார். வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டில் எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

"பெரியண்ணை, சின்னண்ணை, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றார் மாமி.

இருவரும் தட்டிலிருந்த சொதியையே பார்த்தார்கள். மாமி என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குச் சரியான காத்து. கடல் குழம்பிப்போய்க் கிடந்தது. இவை ரெண்டு பேரும் கடல் ஒத்துக்கொள்ளாமல் மாறி மாறிச் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தினம். கலியாணப் பொம்பிளை ஒரு பக்கம் அழுறாள். நான்தான் சுக்கானைப் பிடிச்சுத் துறையிலை கொண்டுபோய்க் கட்டினனான்."

அப்போது அவருக்குப் பதினேழு வயது. கலியாண வீட்டார் மழைக்கு மூடுகிற படங்குத் துணிக்குக் கீழே சுருண்டு கிடந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. பெண்பிள்ளை ஓட்டிய லோஞ்ச் என்று தெரிந்தால் யார் ஏறுவார்கள் என்று பயந்த அப்பப்பா, வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மூவரிடமும் சொல்லிவிட்டாராம்.

"ஏன் மாமி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை."

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "ஓம், ஓம். எனக்குக் குடலே வெளியிலை வந்திட்டுது." அப்பா புரைக்கேறும்வரை சிரித்தார். ஊரிலிருந்து வந்த செய்திகளால் அந்த வருடம் எங்கள் வீட்டில் சிரிப்பே இல்லாமல் போயிருந்தது. அன்று அம்மாகூட அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

முதல் கப்டன் மாமிதான் என்று எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா எனக்குப் போன் எடுத்தார்.

"அந்தச் சத்தி விசயத்தை மட்டும் எடுத்துவிடு."

மாமியிடம் கேட்டேன்.

"அது அப்பிடியே புத்தகத்திலை கிடக்கட்டும்," என்றார்.

புத்தகம் வந்ததும் மாமி இருபது பிரதிகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய், தமிழ் வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒன்று கொடுத்தாராம்.